கழிவுக் கட்டையில் முப்பத்தாறு பம்பரம்

பிள்ளைகளே, பம்பரம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டை எப்படிப் பம்பரம் ஆகிறது, சில நேரம் ஆக மாட்டேன் என்று எப்படி அடம்பிடிக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மூன்று வாரம் அந்த அடத்தோடு மல்லுக்கட்டியவன் நான். அதை எழுதி வைக்கச் சொன்னது என் மூத்த மகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவளுக்குத் தமிழ் எழுத்தை வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது என் பிழைகளை அவள்தான் திருத்துகிறாள்.

என் வேலை கடைசல். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில் எங்கள் பட்டறை இருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடிக்குக் கீழே வரிசையாக நிற்குமே, உருட்டுக் கால்கள், அவற்றைத்தான் அதிகம் கடைவோம். கட்டில் கால், தொட்டில் கம்பு, பூஜை அறைக்குக் குட்டித் தூண் என்று மற்றவையும் உண்டு. கடையும் இயந்திரத்தை லேத் என்போம். அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு கூர்முனை இருக்கும். நடுவில் கட்டையை வைத்து இறுக்கினால் மோட்டார் அதைச் சுற்றும். சுற்றுகிற கட்டையின் மேல் உளியை நிதானமாகக் கொடுத்தால் துருவிய தேங்காய் மாதிரி சீவல் பறக்கும். சதுரம் உருண்டையாகும். உருண்டையில் இடுப்பு, கழுத்து, குமிழ் எல்லாம் கை சொல்கிறபடி வரும். பதினைந்து வருஷமாக இதுதான் என் சோறு.

நாங்கள் குடியிருக்கும் சந்தில் நாற்பது வீடு. எங்களைத் தவிர எல்லாரும் மலையாளிகள். நல்ல ஜனங்கள். வருஷம்தோறும் ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்துக் கடைசியில் இருக்கும் பேட்மிண்டன் களத்தில் கொண்டாட்டம் நடக்கும். இரண்டு கட்சியாக நின்று வடம் இழுப்பார்கள், தரையில் பூக்கோலமாகப் பூக்களம் போடுவார்கள், பிள்ளைகளுக்குப் போட்டிகள் வைப்பார்கள். நாங்கள் இங்கே குடிவந்த பன்னிரண்டு வருஷமும் நான் நாற்காலி தூக்கியிருக்கிறேன், பந்தல் கட்டியிருக்கிறேன், இலை எடுத்திருக்கிறேன். கூட்டத்தில் வாய் திறந்து பேசியதில்லை.

போன ஓணத்துக்கு மூன்று வாரம் முன்பு அசோசியேஷன் கூட்டம் நடந்தது. பிள்ளைகளுக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. போன தடவை கொடுத்த பிளாஸ்டிக் பொம்மைகள் இரண்டு நாளில் உடைந்துபோனதைச் சொல்லி எல்லாரும் குறைப்பட்டார்கள். அப்போது எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றுவிட்டேன். பட்டறையில் கழிவுக் கட்டை கிடக்கிறது, சந்தில் இருக்கும் முப்பத்தாறு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு பம்பரம் நானே கடைந்து தருகிறேன், அன்றைக்கே பம்பரப் போட்டியும் வைக்கலாம் என்றேன். செயலாளர் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் உடனே கைதட்டிவிட்டு நோட்டீஸில் எழுதச் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டுகிற சேட்டன் ஒருவர் இருக்கிறார். சின்ன வயதில் பம்பரத்தில் அவரை யாரும் ஜெயித்ததில்லை என்று அவரே சொல்லுவார். கூட்டம் கலைகிற நேரம் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"அண்ணாச்சீ, கட்டில் காலு நிக்கணும், பம்பரம் கறங்கணும். ரெண்டும் ரெண்டு பணியாணு கேட்டோ."

நிற்கிற கால் வேறு, சுற்றுகிற பம்பரம் வேறு வேலை என்கிறார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாளே தன் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள், என் அப்பா லேத்தில் பம்பரம் செய்யப்போகிறார் என்று. சந்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

முதலாளியிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் லேத்தை ஓட்டிக்கொள், கட்டை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றார். வழக்கமாக அந்தக் கட்டைகள் சாக்கில் கட்டி டீக்கடை அடுப்புக்குப் போகும். "டீக்கடைக்காரன் வந்து கேட்டா நீயே பதில் சொல்லிக்க" என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கழிவுக் கட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். மரத்தை வட்டமாக அறுத்தால் நடுப்பகுதி நிறம் அடர்ந்து இறுகி இருக்கும். அதை வைரம் என்போம். ஓரப்பகுதி வெளுத்து இருக்கும். அதற்குப் பெயரே வெள்ளைதான். வெள்ளையைப் பூச்சி அரிக்கும். ஆகையால் வீட்டு வேலைக்கு வெள்ளை ஒட்டிய கட்டையை யாரும் வாங்க மாட்டார்கள். நாங்கள் அந்த ஓரத்தை அறுத்துத் தள்ளுவோம். அப்படி அறுக்கும்போது கொஞ்சம் வைரமும் கூடவே போகும். ஆக, எங்கள் கழிவுக் குவியலில் கிடப்பது அநேகமாக எல்லாமே ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் வைரம்.

எனக்கு அது பெரிய அதிர்ஷ்டமாகப் பட்டது. பலாக் கட்டையில் பாதி மஞ்சள், பாதி வெள்ளை. தேக்கில் பாதி தேன் நிறம், பாதி சந்தன நிறம். சாயமே வேண்டாம், தானாகவே இரண்டு நிறப் பம்பரம் கிடைத்துவிடும். குவியலைக் கிளறி, சரிபாதியாக நிறம் பிரிந்த துண்டுகளாகத் தேடித்தேடி எடுத்தேன். தேடி அலுத்த நேரம் கைக்கு வந்த நாலைந்தும் கூடவே சேர்ந்தன.

பத்து நாளில் இருபத்துநாலு பம்பரம் கடைந்தேன். மேலே பிடிக்க ஒரு கொண்டை, கீழே கயிறு சுற்றப் படிப்படியாக வரிகள், ஒன்றுபோலவே இன்னொன்று. மெழுகுவர்த்தித் துண்டை ஓட்டத்திலேயே காட்டி, ஒரு பிடி மரச்சீவலால் அழுத்தித் தேய்த்ததும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. முதலாளி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தார். அவர் குறை சொல்லாவிட்டால் அது பாராட்டு.

ஒன்றைக்கூட நான் சுற்றிப் பார்க்கவில்லை. இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எங்கள் வேலை அப்படி. உருட்டுக் கால் கடைந்தால் மாதிரிக் காலின் பக்கத்தில் வைத்து அளவு பார்ப்போம். ஒத்துப்போனால் வேலை முடிந்தது. கடைந்த காலை யாராவது ஓடவிட்டுப் பார்ப்பார்களா? அந்தப் புத்திதான் பம்பரத்திலும் நின்றது.

கொண்டாட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு காலையில் இருபத்துநாலுக்கும் ஆணி அடித்தேன். லேத்தின் கூர்முனை குத்திய புள்ளியிலேயே அடித்தேன். அது மயிரிழை பிசகாத நடு. ஆணித் தலையை வெட்டி அரத்தால் ராவினேன். வாசல் சிமெண்டில் மகள் முதல் பம்பரத்தைச் சுற்றி விட்டாள்.

அது சுற்றவில்லை. குதித்தது. நொண்டி நொண்டி ஓடி, சிமெண்டில் கோடு கிழித்து, படியில் முட்டிப் படுத்துவிட்டது. கயிறு சரியாகச் சுற்றவில்லை என்று நான் வாங்கி விட்டேன். அதே கூத்து. இரண்டாவதை எடுத்தேன், மூன்றாவதை எடுத்தேன். கடைசிப் பம்பரம் வரை விட்டுப் பார்த்தபோது ஐந்தே ஐந்து ஒழுங்காகச் சுற்றின. பத்தொன்பதும் நொண்டி.

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த சேட்டன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"டான்ஸ் கொள்ளாம் அண்ணாச்சீ. பாட்டும்கூட வச்சா மதி."

ஆட்டம் அருமை, பாட்டு வைத்தால் போதும் என்ற அந்தக் கேலி காதில் விழ, மகள் பம்பரங்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். உள்ளே வந்ததும் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அப்பா, நாம கடைத்தெருவுல போயி பிளாஸ்டிக் பம்பரம் வாங்கிக் குடுத்துருவோமா? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சேட்டனின் கேலியைவிட இதுதான் என்னைக் குத்தியது. என் மானத்தை மறைக்க என் பிள்ளை வழி தேடுகிறாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று பேசிய பேச்சு. அது பொய்யானால் அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில், அந்தச் சந்தில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

ஆணி கோணியிருக்கும் என்று பத்தொன்பது ஆணியையும் பிடுங்கினேன். திருப்பி அடித்தேன். அதே நொண்டி. மறுபடி பிடுங்கினேன். அடிப்பக்கம் கொஞ்சம் ராவிப் பார்த்தேன், கொண்டையைக் குறைத்துப் பார்த்தேன். எங்கே அளந்தாலும் வட்டம் சரியாக இருந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தேன். அவர் இந்த விஷயத்தில் தலையிட்டதாகத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஐந்து வயதுச் சின்ன மகள் துணி துவைக்கும் வாளியில் தண்ணீர் நிரப்பி, ஆணி பிடுங்கிய பம்பரங்களில் சிலவற்றை அதில் போட்டுப் படகு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தால் மரம் வெடிக்கும் என்று சத்தம் போட்டேன். அவள் அம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் போடாண்டாம், இங்க வந்து பாருங்க. எல்லாம் வெள்ளைய மேல காட்டிக்கிட்டே கெடக்கு."

பார்த்தேன். வாளியில் ஏழெட்டுப் பம்பரம் ஒருக்களித்து மிதந்தன. எல்லாவற்றிலும் வெள்ளை மேலே, வைரம் தண்ணீருக்குள். ஒன்றை விரலால் புரட்டி, வைரத்தை மேலே கொண்டுவந்தேன். கையை எடுத்ததும் சாவகாசமாகப் புரண்டு பழையபடி வெள்ளையைக் காட்டியது. இன்னொன்றும் அப்படியே. உள்ளே ஓடி, நன்றாகச் சுற்றிய ஐந்தையும் கொண்டுவந்து, அவற்றின் ஆணியையும் பிடுங்கி வாளியில் போட்டேன். அவற்றை எப்படிப் புரட்டினாலும் புரட்டியபடியே கிடந்தன. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். மூன்று முழு வைரம், இரண்டு முழு வெள்ளை. நிறம் பிரியாத கட்டை அந்த ஐந்துதான்.

விஷயம் இவ்வளவுதான் பிள்ளைகளே. வைரம் கனம். வெள்ளை லேசு. பம்பரம் கண்ணுக்கு வட்டமாக இருந்தால் போதாது, எடையும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் ஆணி எவ்வளவு நேராக இருந்தாலும் அது நொண்டத்தான் செய்யும். எதை அழகு என்று நான் தேடித்தேடி எடுத்தேனோ அதுதான் கோளாறு. உருட்டுக் கால் ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும், அதனால் இதைப் பதினைந்து வருஷத்தில் நான் யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

என் மனைவியிடம் நீ பெரிய இன்ஜினீயர் என்றேன். "துணி நனைக்கணும், வாளிய விடுங்க" என்றாள்.

கோளாறு தெரிந்துவிட்டது. ஆனால் கையில் ஐந்துதான் தேறியது, இன்னும் முப்பத்தொன்று வேண்டும். முழு வைரக் கட்டை கேட்டால் முதலாளி தர மாட்டார், அது கழிவு இல்லை. முழு வெள்ளை குவியலில் மிகவும் குறைவு. இருக்கிற பாதிக்குப் பாதிக் கட்டையை வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் குவியலின் முன் உட்கார்ந்திருந்தேன். ஓரம் அறுத்த நீளச் சட்டங்கள் இரண்டை எடுத்து, சும்மா கைக்கு வேலையாக ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தேன். ஒன்றின் வைரம் மற்றதன் வைரத்தைத் தொட்டது. வெளியே இரண்டு பக்கமும் வெள்ளை. கனம் நடுவில், லேசு இரண்டு ஓரத்திலும் சமமாக.

சோறு அப்படியே இருந்தது. எழுந்துவிட்டேன்.

ஒரே மரத்தில், ஒரே அளவு வெள்ளை உள்ள சட்டங்களாக ஜோடி சேர்த்தேன். ஒரு முழ நீளம். இழைப்புளி போட்டு முகத்தைச் சமமாக்கி, பசை தடவி, வைரத்தோடு வைரத்தை ஒட்டி இறுக்கு கருவியில் பூட்டினேன். எட்டு ஜோடி. மறுநாள் மதியம் முதல் ஜோடியை இறுக்கிலிருந்து கழற்றி லேத்தில் ஏற்றினேன். ஒற்றை ஒற்றையாகக் கடைய நேரம் இல்லை. உருட்டுக் காலில் குமிழ் மேல் குமிழாகக் கடைவோமே, அதே மாதிரி ஒரு சட்டத்தில் நாலு பம்பரத்தைத் தொடராகக் கடைந்து பிறகு அறுத்துப் பிரித்தேன். அந்த வேலை என் கைக்கு உறக்கத்தில்கூட வரும். நாலையும் பட்டறை வாளியில் போட்டேன். புரட்டினால் புரட்டியபடி கிடந்தன. பக்கத்து லேத்தில் நின்றவர் இவனுக்கு என்ன ஆச்சு என்று பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆணி அடித்தபோது முதல் பம்பரம் ஒட்டின இடத்தில் இரண்டாகப் பிளந்தது. ஆணி சரியாகப் பசைக்கோட்டில் அல்லவா இறங்குகிறது! ஆணியைவிடச் சின்னத் துளை போட்டுக்கொண்டு அடித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் பிளக்கவில்லை. எட்டுச் சட்டம், சட்டத்துக்கு நாலு. பிளந்தது போக முப்பத்தொன்று. பழைய ஐந்துக்கும் அதே துளையில் ஆணியை இறக்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் முப்பத்தாறும் என் பையில் இருந்தன. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பட்டறைத் தரையில் விட்டுப் பார்த்தபிறகுதான் பையில் போட்டேன்.

வீட்டில் மகள் ஒன்றை எடுத்து வாசலில் விட்டாள். அது குத்தின இடத்திலேயே நின்று சுற்றியது. ஆடவில்லை, அலையவில்லை. இதைத்தான் பம்பரம் உறங்குகிறது என்று சொல்வார்கள். அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். பிளாஸ்டிக் பேச்சு அதோடு போயிற்று. சனிக்கிழமை முழுக்க அவள் கயிறு சுற்றிப் பழகினாள். உள்ளங்கை சிவந்தும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை களத்தில் பூக்களம் போட்டு, வடம் இழுத்து முடிந்ததும் சார் மைக்கில் பம்பரம் என்று அறிவித்தார். முப்பத்தாறு பிள்ளைகளும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். வெள்ளைக்கு நடுவே அடர்நிறப் பட்டை ஓடுகிற பம்பரத்தை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லை. பெயின்டா, ஸ்டிக்கரா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். மரமே அப்படித்தான் என்று என் மகள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள், தானே கடைந்த மாதிரி.

ஆட்டோ சேட்டனும் தன் மகனோடு வந்தார். பையன் கையில் கடையில் வாங்கிய சிவப்புப் பம்பரம் ஒன்று இருந்தது. அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, இது முன்ஜாக்கிரதைக்கு என்றார். பரவாயில்லை, அதையும் விடட்டும், என்னுடையதையும் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும் என்றேன்.

சார் விசில் ஊதினார். எல்லாரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். பாதிப்பேருக்குக் கயிறு சிக்கியது, அது பம்பரத்தின் குற்றம் இல்லை. மற்றவை சிமெண்டில் இறங்கிய சத்தம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மழை ஓட்டின் மேல் பிடிக்கிற மாதிரி ஒரு சத்தம், உடனே ஒரு ரீங்காரம். களம் முழுக்க வெள்ளையும் மஞ்சளும் தேன் நிறமும் கலந்து, சுற்றுகிற வேகத்தில் எல்லாம் ஒரே பொன் நிறமாகி நின்றன. ஒன்றுகூட நொண்டவில்லை. சிவப்புப் பம்பரம் இரண்டு ஓட்டம் ஓடி, தலையை ஆட்டிக்கொண்டு, முதலில் விழுந்தவற்றோடு விழுந்தது. பையன் அப்பாவைப் பார்த்தான். அவர் என் பம்பரத்தை அவன் கையில் எடுத்துக் கொடுத்தார்.

அது வெறும் வெள்ளோட்டம். போட்டி அதற்குப் பிறகுதான், அதிக நேரம் சுற்ற வைப்பவருக்குப் பரிசு. சுற்றுக்குச் சுற்று ஆள் குறைந்து, கடைசியில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் மகள். இன்னொருவர் சேட்டனின் மகன். சார் மொபைலில் நேரம் பார்த்தார். இரண்டு பம்பரமும் உறங்கின. என் மனைவி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். சேட்டன் என் பக்கத்தில் நின்று குரலைத் தணித்துச் சொன்னார்:

"ஆரு ஜெயிச்சாலும் அண்ணாச்சி பம்பரமல்லே ஜெயிக்குன்னது."

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. களத்தில் யார் தோற்றாலும் எனக்குத் தோல்வி கிடையாது. ஆனாலும் என் கண் என் மகளுடைய பம்பரத்தை விட்டு நகரவில்லை. பொய் சொல்லக் கூடாது பாருங்கள்.

பையனுடையது மெல்லச் சாய்ந்தது. வட்டம் பெரிதாகி, உருண்டு ஓரத்துக்குப் போனது. என் மகளுடையது நின்றது. அது தனியாக நின்று சுற்றுவதைப் பார்த்து நாற்பது வீட்டு ஜனமும் கைதட்டியது. அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

சார் என்னை மைக்குக்கு அழைத்தார். நான் கடைந்தேன், கோளாறைக் கண்டுபிடித்தது என் மனைவி, படகு விட்டது என் சின்ன மகள் என்று மட்டும் சொன்னேன். படகு என்ன கதை என்று யாருக்கும் புரியவில்லை. சிரித்தார்கள்.

கீழே இறங்கினால் சேட்டன் நிற்கிறார். தனக்கும் ஒன்று வேண்டுமாம், மகனிடம் கேட்டால் தர மாட்டேன் என்கிறானாம். அவருக்குப் பின்னால் சாரும், இன்னும் நாலைந்து பெரியவர்களும் நின்றார்கள். பையைத் திறந்து காட்டினேன். ஒன்றும் இல்லை.

"திங்கட்கிழமை மதியம் பட்டறைக்கு வாங்க சேட்டா" என்றேன். "வந்ததும் ஒரு வாளித் தண்ணி புடிச்சு வைக்கணும், அது உங்க வேலை."